டிரெஸ்டனைக் கட்டியது பிரஷ்யா இல்லை ஐயா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் வந்த ஜெர்மனிப் பயணக் கட்டுரை பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், மூன்று திருத்தங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிரெஸ்டன் ‘பிரஷ்ய மன்னர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய நகரம்’ என்று எழுதியிருப்பது ஒன்று. 1945 குண்டுவீச்சில் அங்கே ‘இரண்டு லட்சம் பேர்’ செத்தார்கள் என்பது இன்னொன்று. அப்புறம், ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்ட துணுக்கில், தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்த மிஷனரி சீகன்பால்குவை ‘டென்மார்க் பாதிரியார்’ ஆக்கியிருக்கிறீர்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்தியது, ஏனென்றால் நான் பொறையாறுகாரன், தினமும் தரங்கம்பாடிக்கு சைக்கிள் மிதித்துப் படித்தவன். இப்போது பிழைப்பு டிரெஸ்டனில், ஒரு சிப் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வந்து ஐந்து வருஷம் ஆகிறது.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். ஞாயிறு மதியம் காபிக்குக் கூப்பிடுவார். உங்கள் கட்டுரையை மொபைலில் காட்டி, அந்தப் பிரஷ்யா வரியை மட்டும் ஜெர்மனில் சொன்னேன். கையில் இருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டார். “அவர்கள் இங்கே என்ன கட்டினார்கள்? வந்தார்கள், சுட்டார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள்” என்றார். 250 வருஷத்துக் கோபம், நேற்று நடந்த மாதிரி.

விஷயம் இதுதான். பிரஷ்யா என்பது பெர்லினைத் தலைநகராக வைத்திருந்த பக்கத்து ராஜ்யம். டிரெஸ்டன் சாக்சனியின் தலைநகரம். சாக்சனி 1806 முதல் 1918 வரை தனி இராச்சியம், 1871-ல் ஜெர்மன் பேரரசு உருவானபோதுகூட அதற்குள் பிரஷ்யா, பவேரியா, வூர்ட்டம்பர்க், சாக்சனி என்று நான்கு ராஜாக்கள் இருந்தார்கள். ஜெர்மனி என்றாலே பெர்லின், பெர்லின் என்றாலே பிரஷ்யா என்று நாம் பள்ளிக்கூடத்திலேயே ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். உங்கள் நிருபரை மட்டும் குறை சொல்ல முடியாது, இன்று ஜெர்மனியில் சாக்சனி என்ற பெயர் மூன்று மாநிலங்களின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இங்கே வேலைக்கு வந்த புதிதில் நானே ‘கீழ் சாக்சனி’க்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தவன்தான்.

இராச்சியம் என்னவோ 112 வருஷம்தான். ஆனால் ஆண்ட வெட்டின் குடும்பம் 1089-லிருந்து இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பழைய புனித ரோமானியப் பேரரசின் பேரரசரைத் தேர்ந்தெடுக்க வாக்கு உள்ள இளவரசர்கள் என்ற அந்தஸ்து 1423-ல் அவர்களுக்கு வந்தது. கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி லூத்தர் விட்டன்பர்க்கில் போப்பாண்டவரோடு மல்லுக்கு நின்றது இந்தக் குடும்பத்தின் நிழலில்தான். அதே குடும்பத்தில் பின்னால் வந்த ‘பலவான்’ அகஸ்டஸ், போலந்து சிம்மாசனம் காலியானபோது, 1697-ல், கத்தோலிக்கராக மாறி அந்த ஊருக்கு ராஜா ஆனார். லூத்தர் பிறப்பித்த மதத்தின் தாய்வீட்டிலேயே ஆள்பவர் கட்சி மாறிவிட்டார்! மனைவி மாறவில்லை. போலந்துக்குப் போகவும் மாட்டேன் என்று கடைசிவரை சாக்சனியிலேயே இருந்து 1727-ல் இறந்துபோனார், அந்த அம்மாளின் நினைவுக்கு லைப்சிக்கில் இசையமைத்தவர் பாஹ். ஆக வெளியூரில் ராஜா, உள்ளூரில் இளவரசர், இதுதான் அன்றைய நிலைமை. நீங்கள் படம் போட்டிருந்த அரண்மனை, சுவிங்கர் மண்டபம் எல்லாம் அந்தப் பலவானின் ஆசை.

அவருடைய இன்னொரு ஆசை பீங்கான். அன்றைக்கு வெள்ளைப் பீங்கான் செய்யும் ரகசியம் சீனா, ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளுக்குத்தான் தெரியும். போட்கர் என்று ஒரு இளைஞன், மருந்துக்கடையில் வேலை பழகியவன், ஈயத்தைத் தங்கமாக்குவேன் என்று பெர்லினில் பீற்றிக்கொண்டு, பிரஷ்ய ராஜா பிடிக்க வருகிறார் என்றதும் 1701-ல் சாக்சனிக்கு ஓடிவந்தான். அகஸ்டஸ் அவனைப் பிடித்து அடைத்து, ‘எனக்குச் செய்’ என்றார். தங்கம் வருமா? வரவில்லை. ஆனால் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து மண்ணைக் குழைத்துச் சுட்டுச் சுட்டு 1708-ல் வெள்ளைப் பீங்கான் செய்துவிட்டான். 1710-ல் மைசென் ஊர்க் குன்றின் மேல் இருக்கும் கோட்டையில் ஆலை வைத்தார்கள், ரகசியம் வெளியே போகாமல் இருக்கத்தான் குன்று. நீலத்தில் இரண்டு வாள்கள் குறுக்காக நிற்கும் அந்த முத்திரை இன்றும் வருகிறது. 1717-ல் அகஸ்டஸ் இதையும் மிஞ்சி ஒன்று செய்தார்: 151 சீனப் பீங்கான்களுக்காகத் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தார். ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டால் நான்கு சிப்பாய்க்கு ஒரு ஜாடி. பாட்டியிடம் இதைச் சொன்னால் சிரிக்க மாட்டார், ‘அந்தச் சிப்பாய்களின் பேரன்கள்தான் திரும்பி வந்து எங்களைச் சுட்டிருப்பார்கள்’ என்பார்.

பாட்டியின் கப் மைசென் இல்லை, சந்தையில் வாங்கியது. உள்ளே அடியில் ஒரு சின்னப் பூ வரைந்திருக்கும். காபி தண்ணீராக இருந்தால் அந்தப் பூ தெரியும், அதனால் இங்கே மட்டமான காபிக்குப் ‘பூக்காபி’ என்று பெயர். சாக்சனிக்காரர்களுக்குக் காபிப் பைத்தியம் என்று மற்ற ஜெர்மானியர்கள் கிண்டல் செய்வார்கள். காகித பில்டரைக் கண்டுபிடித்ததும் டிரெஸ்டனில் ஒரு குடும்பத் தலைவிதான், மெலிட்டா பென்ட்ஸ், 1908-ல், மகனுடைய நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கு நம்ம ஊர் பித்தளை பில்டர்தான் இறங்கும், அது வேறு விஷயம்.

சரி, பிரஷ்யாவுக்கு வருகிறேன். 1756-ல் பிரஷ்ய ராஜா இரண்டாம் பிரடெரிக் முன்னறிவிப்பே இல்லாமல் சாக்சனிக்குள் நுழைந்தார், ஏழாண்டுப் போர் அப்படித்தான் தொடங்கியது. 1760-ல் டிரெஸ்டன் மேல் பீரங்கி வைத்தார், ஊரின் பழைய சிலுவைக் கோயில் எரிந்து விழுந்தது. அப்புறம் நெப்போலியன் காலம். முதலில் பிரஷ்யாவோடு சேர்ந்து அவரை எதிர்த்துத் தோற்று, உடனே அவர் பக்கம் சாய்ந்ததற்குக் கிடைத்த பரிசுதான் 1806-ல் வந்த ‘இராச்சியம்’ பட்டம். ஏழு வருஷத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. 1813 அக்டோபரில் லைப்சிக் வெளியில் ஐந்து லட்சம் சிப்பாய்கள் நான்கு நாள் மோதினார்கள், நடுவிலேயே சாக்சனிப் படையினர் பலர் எதிரிப் பக்கம் போய்விட, ராஜா மட்டும் நெப்போலியனோடு நின்று மாட்டிக்கொண்டு பெர்லினுக்குப் பக்கத்தில் கைதியாக இருந்தார். பிரஷ்யா முழு சாக்சனியையும் கேட்டது. ஆஸ்திரியாவும் இங்கிலாந்தும் விடவில்லை. கடைசியில் 1815-ல் நிலத்தில் பாதிக்கு மேல், மக்களில் ஐந்தில் இரண்டு பங்கு பிரஷ்யாவுக்குப் போனது. லூத்தரின் விட்டன்பர்க்கே போய்விட்டது, இன்று அது ‘சாக்சனி-அன்ஹால்ட்’ என்ற வேறு மாநிலத்தில் இருப்பதற்குக் காரணம் அந்தக் கோடுதான். சோர்பியர்கள் என்று இங்கே ஒரு சிறிய ஸ்லாவிய இனம் உண்டு, பவுட்சன் ஊர் ரயில் நிலையப் பலகையில் ஜெர்மனுக்குக் கீழே அவர்கள் மொழியிலும் பெயர் இருக்கும். அவர்கள் ஊர்களையும் அந்தக் கோடு இரண்டாகப் பிளந்தது. 1849-ல் டிரெஸ்டன் மக்கள் ராஜாவை எதிர்த்துத் தெருவில் தடுப்பு கட்டியபோது அடக்க வந்ததும் பிரஷ்யப் படைதான், அந்தத் தடுப்புகளில் நின்ற இசைக்காரர் வாக்னரும், கட்டடக் கலைஞர் செம்பரும் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. 1866-ல் ஆஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவிடம் மறுபடி தோல்வி. இத்தனைக்கும் பிறகு ‘பிரஷ்ய மன்னர்கள் கட்டிய’ என்று அச்சில் பார்த்தால் பாட்டி கப்பைக் கீழே வைக்காமல் என்ன செய்வார்?

பாதி நிலம் போனபின் மிச்சம் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டனுக்கு 1839-லேயே ரயில் விட்டார்கள், ஜெர்மனியின் முதல் தொலைதூரப் பாதை அதுதான். மேற்கே கோல்ட்ஷ் பள்ளத்தாக்கில் 1851-ல் முடித்த ரயில் பாலத்துக்கு 2 கோடியே 60 லட்சம் செங்கல், 78 மீட்டர் உயரம், நான்கு அடுக்கு வளைவு, செங்கல் பாலங்களில் உலகத்தில் இன்றும் பெரியது, இப்போதும் அதன் மேல் ரயில் ஓடுகிறது. பிரைபர்க் சுரங்கக் கல்லூரி 1765-ல் தொடங்கியது, அங்கே பேராசிரியராக இருந்த விங்க்லர் 1886-ல் ஜெர்மானியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார், முதல் டிரான்சிஸ்டர் செய்தது அதை வைத்துத்தான். எங்கள் தொழிற்சாலையில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன், என் ஷிப்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். அரண்மனைத் தொழுவத்தின் வெளிச்சுவரில், தெருவைப் பார்த்து, 102 மீட்டர் நீளத்துக்கு வெட்டின் குடும்பத்து ஆட்சியாளர்கள் குதிரையில் ஊர்வலம் போகிற படம் இருக்கிறது. 1870-களில் வில்ஹெல்ம் வால்தர் என்ற ஓவியர் சுவரிலேயே கீறி வரைந்தார், மழையில் மங்கிப்போனது, அதனால் 1904-லிருந்து 1907-க்குள் மைசென் ஓடுகளில் மாற்றினார்கள், 23,000 ஓடு அளவில். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள், பக்கத்தில் போய்க் கை வைத்துப் பார்ப்பேன். ஓடும் ஓடும் சேரும் இடம் நகக்கண் அளவுகூட இல்லை. 1945 பிப்ரவரியில் சுற்றிலும் எல்லாம் வெந்து விழுந்தபோது இது மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது, சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வந்த ஓட்டுக்குத் தீ ஒன்றும் புதிதில்லையே. ஊர்வலத்தின் கடைசியில் மாணவர்கள், கலைஞர்கள், தொழிலாளிகள் நடந்து வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் ஓவியர் தன்னையும் வரைந்துகொண்டிருக்கிறார். கடைசி ராஜா மூன்றாம் பிரடெரிக் அகஸ்டஸ் மட்டும் அந்த ராஜாக்கள் வரிசையில் இல்லை. 1918 நவம்பரில் முடி துறந்தபோது அவர், சாக்சனிக் கொச்சையில், ‘உங்க குப்பையை நீங்களே அள்ளிக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போனதாக ஊரில் கதை. சொன்னாரோ இல்லையோ, டிரெஸ்டன்காரர்களுக்கு அவரைப் பற்றிப் பிடித்த விஷயம் அதுதான்.

இனி அந்த இரண்டு லட்சம். இது சாதாரண அச்சுப்பிழை இல்லை, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை நடந்த குண்டுவீச்சில் இறந்தவர்களை எண்ண நகராட்சியே வரலாற்றாசிரியர் குழு ஒன்றை வைத்து, 2010-ல் அவர்கள் கொடுத்த முடிவு: அதிகபட்சம் 25,000. இரண்டு லட்சம் என்பது ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் ஆட்கள் பரப்பிய எண், போர் முடிந்தும் பலர் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்டது, இன்றும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாஜி அனுதாபிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள், அன்றைக்கு ஊர் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி நிற்கிறார்கள், நானும் இரண்டு முறை குளிரில் நின்றிருக்கிறேன். இருபத்தைந்தாயிரம் உயிர் சின்ன எண்ணா என்ன? இன்னொன்றும் எழுதியிருக்கலாம். செம்பர் கட்டி 1840-ல் திறந்த யூதக் கோயில் 1938 நவம்பரில் எரிந்தது, எரித்தது எந்த விமானமும் இல்லை, உள்ளூர் நாஜிகள். தீயணைப்பு வீரர் ஒருவர் காப்பாற்றி மறைத்து வைத்த தாவீதின் நட்சத்திரம் ஒன்று இப்போது 2001-ல் கட்டிய புதுக் கோயிலில் இருக்கிறது.

நம் அன்னை தேவாலயத்தைப் பற்றி நிருபர் எழுதியது சரிதான், ‘பழையபடியே கட்டினார்கள்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட்டார் என்பதுதான் வருத்தம். 1743-ல் முடிந்த கோயில் அது, கூரை முழுக்கக் கல்லால் ஆன மணி போன்ற குவிமாடம், பிரடெரிக்கின் பீரங்கிக் குண்டுகள் அதில் பட்டுத் தெறித்துப் போயின என்பார்கள். 1945-ல் தீயின் சூடு தாங்காமல் பிப்ரவரி 15 காலையில் உட்கார்ந்துவிட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி முழுக்கக் கற்குவியலாகவே கிடந்தது. 1994-ல் தொடங்கிக் கல்லுக்குக் கல் எண் போட்டு, எது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, 2005 அக்டோபரில் முடித்தார்கள். சுவரில் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது அழுக்கு இல்லை: கறுத்தது பழைய கல், வெளுத்தது புதுசு. எல்பே ஆற்றங்கரை மணற்கல்லில் இரும்பு கலந்திருப்பதால் புதுசும் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது. உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் அப்பா அன்றைக்குக் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர்.

இவ்வளவு பாடுபட்டவர்கள் இன்னொன்றைக் கோட்டை விட்டார்கள். 2004-ல் எல்பே பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருஷமே ஆற்றின் குறுக்கே நாலுவழிப் பாலம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்து, மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும் என்றார்கள். ஒரு சிறிய வௌவால் இனத்துக்காக நீதிமன்றம்கூடக் கொஞ்ச நாள் தடுத்துப் பார்த்தது. 2009-ல் யுனெஸ்கோ பெயரை அடித்துவிட்டது. பாலம் 2013-ல் திறந்தது, கோடை இரவுகளில் வௌவாலுக்காக அதில் 30 கிலோமீட்டர் வேகம்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நான் தினம் சைக்கிளில் அதன் மேல்தான் போகிறேன், சௌகரியமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ராணி கரோலா பெயர் வைத்த இன்னொரு பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பரில் விடிவதற்கு முன் ஆற்றுக்குள் விழுந்தது, நல்லவேளை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக சீகன்பால்கு. அவரை அனுப்பியவர் டென்மார்க் ராஜா, தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான். பிறந்தது 1682-ல், டிரெஸ்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புல்ஸ்னிட்ஸ் என்ற சாக்சனி ஊரில். முதல் வருஷமே போய்ப் பார்த்தேன். ஊர் முழுக்க மசாலா வாசனை: 1558 முதல் அங்கே ‘மிளகு கேக்’ சுடுகிறார்கள், மிளகு கிடையாது, அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த எந்த மசாலாவுக்கும் அவர்களுக்கு மிளகு என்று பெயர். பட்டையும் கிராம்புமாக இருந்த ஒரு டப்பாவை அம்மாவுக்கு அனுப்பினேன். “இதை நம்ம பிரியாணியில் போடலாம் போல” என்றார்.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கி, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். அதே வருஷங்களில், 1701 முதல் 1708 வரை, டிரெஸ்டனில் டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர் தன் தம்பிகளோடு அகஸ்டஸுக்காக ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பாரைத் தங்கத்தில் செய்துகொண்டிருந்தார், 130-க்கு மேற்பட்ட பொம்மைகள், யானை, குடை, ஏறக்குறைய 5,000 வைரம். டெல்லியைக் கண்ணால் பார்த்ததில்லை, பயணிகள் எழுதியதைப் படித்துச் செய்தது. வேலை முடிவதற்குள் ஔரங்கசீப்பே காலமாகிவிட்டார். அரண்மனைக் கருவூலத்தில் அது இன்றும் இருக்கிறது. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன், தர்பாருக்கு வருகிற பிரபுக்களில் சிலர் சீனாக்காரர் மாதிரி இருக்கிறார்கள், என்ன செய்வது. சீகன்பால்குவுக்கு வருவோம். நியாயமாகப் பிரஷ்யாவுக்கு இங்கே ஒரு மார்க் போட்டாக வேண்டும், அவருக்குத் தமிழ் அச்செழுத்து வார்த்து அனுப்பிய ஹாலே நகரம் பிரஷ்ய ஆட்சியில் இருந்தது. எழுத்து பெரிதாகப் போய்த் தாள் போதவில்லை, சின்ன எழுத்தைத் தரங்கம்பாடியிலேயே வார்த்து, காகிதத்துக்கு எங்கள் பொறையாறிலேயே ஆலை போட்டார்கள். 1719-ல் இறந்தார். பீங்கான் போட்கர் பிறந்ததும் 1682, இறந்ததும் 1719, இரண்டு பேருக்கும் நாற்பது நிறையவில்லை.

இராச்சியக் காலத்திலும் நூல் அறுந்துபோகவில்லை. தரங்கம்பாடி மிஷன் வேலையை எடுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்துப் போய், 1856-ல் லைப்சிக்கில் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார், லத்தீன் மொழிபெயர்ப்பு அவர் இறந்த மறுவருஷம் 1865-ல் வந்தது. அப்போது சாக்சனியின் ராஜா யோஹான். அவரும் மொழிபெயர்ப்பாளர், இத்தாலியக் கவிஞர் தாந்தேயை வேறு பெயரில் ஜெர்மனில் கொண்டுவந்தவர். உங்கள் துணுக்கில் போட வேண்டியது இதுதான்.

‘பிரஷ்ய’ என்பதை ‘சாக்சனி’ என்றும், ‘இரண்டு லட்சம்’ என்பதை ‘25,000’ என்றும், ‘டென்மார்க்’ என்பதை ‘ஜெர்மன்’ என்றும் மாற்றி ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள், நான்கு வரி போதும். ஊரில் அம்மா உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார், வந்தால் வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கீழ்வீட்டுப் பாட்டி ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார்.

இப்படிக்கு,
பொறையாறு வாசகர் ஒருவர்,
டிரெஸ்டன்